பழைய புத்தகத்தை சப்ஜெக்ட்படி அடுக்கலைன்னா தப்பா? ஒரு சின்ன ஊர் நூலகருக்கு பதில்

இந்த தடவை வந்த கடிதம் ஒரு சின்ன ஊர் நூலகத்துல வேலை பாக்குற தங்கச்சி எழுதினது. ஊர் பேர், ஆள் பேர் எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

நூலக அறிவியல் படிச்சவங்க, டிரஸ்ட் நடத்துற நூலகத்துல சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. அந்த ஊர்ல காலமான ஒரு தமிழ் வாத்தியார் வீட்டுலேர்ந்து ஏழு மர அலமாரியோட கிட்டத்தட்ட 1,400 புத்தகம் வந்திருக்கு, பெரும்பாலும் 1860லேர்ந்து 1940க்குள்ள அச்சானது. "படிச்சபடி சப்ஜெக்டுக்கு ஒரு நம்பர் கொடுக்குற டூயி முறையில நம்பர் போட ஆரம்பிச்சேன் சார், பாதிக்கு மேல தமிழ் இலக்கியத்துக்கான 894.811க்குள்ளயே விழுது, மிச்சம் இந்து மதத்துக்கான 294.5ல விழுது, நம்பர் நீண்டுக்கிட்டே போகுது, உள்ளங்கை அளவு புத்தகம் பக்கத்துல முறம் மாதிரி புத்தகம் நிக்குது, ரேக்கைப் பாத்தா எனக்கே பிடிக்கலை"ன்னு எழுதியிருக்காங்க. இதுக்கு நடுவுல உதவிக்கு வந்த பசங்க 60 புத்தகத்துக்கு முதுகுல கோந்து வெச்சு லேபிள் ஒட்டிட்டாங்க. செயலாளர் ஐயா எல்லாத்தையும் ஒரே கலர் ரெக்சின்ல பைண்ட் பண்ணிடலாம், நூறு வருஷம் தாண்டினதை மட்டும் அரிய புத்தகம்னு தனியா வெச்சுக்கலாம், ரெண்டாவது காப்பி இருக்குறதை வித்துடலாம்ங்கிறாரு. "சப்ஜெக்ட்படி அடுக்கலைன்னா எனக்கு வேலை தெரியலைன்னு நினைச்சுடுவாங்களோ"ங்கிறதுதான் இவங்க பயம். கடைசியில பின்குறிப்பா இன்னொரு கேள்வியும் இருக்கு, அதை கடைசியிலயே பாக்கலாம்.

வணக்கம்மா. உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்களுக்கு வேலை தெரியலைன்னு அர்த்தமே இல்ல. ரேக்கைப் பாத்து இது சரியில்லையேன்னு உங்க மனசுக்குப் பட்டுச்சு பாருங்க, அது வேலை தெரிஞ்சவங்களுக்குத்தான் படும். காலேஜ்ல நமக்கு சொல்லிக்கொடுத்தது ஆளுங்க உள்ள வந்து கையால எடுத்துப் பாக்குற பொது நூலகத்துக்கான முறை. உங்ககிட்ட இருக்குறது அப்படிப்பட்ட தொகுப்பு இல்ல, அதான் முட்டுது.

அடுக்குறது வேற, வகைப்படுத்துறது வேற

ஒரு புத்தகம் எதைப் பத்தினதுன்னு சொல்றது கேட்டலாக்கோட வேலை. அது எங்க நிக்குதுன்னு சொல்றது ரேக் நம்பரோட வேலை. பொது நூலகத்துல ரெண்டையும் ஒரே நம்பர்ல முடிச்சுக்கிறோம், ஏன்னா வாசகர் ரேக் முன்னாடி நின்னு சமையல் புத்தகம் எடுக்க வந்து பக்கத்துல இருக்குற இன்னொரு சமையல் புத்தகத்தையும் பாக்கணும். உங்க அறையில வாசகர் ரேக்குக்கிட்ட வரவே கூடாதும்மா. 1870ல அச்சான புத்தகத்தை இழுத்துப் பாத்து திரும்ப சொருகுறதுக்கு யாரையும் விடமாட்டீங்க, நீங்கதான் எடுத்துக் கொடுக்கப் போறீங்க. அப்போ சப்ஜெக்ட்படி அடுக்கி யாருக்கு லாபம்? யாருக்கும் இல்ல, ஆனா நஷ்டம் இருக்கு. சப்ஜெக்ட் வரிசைன்னா புதுசா ஒரு புத்தகம் நடுவுல வர்றப்போ எல்லாம் மத்ததை நகர்த்தணும், ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் ஓரம் உதிரும். 14 சென்டிமீட்டர் புத்தகம் 30 சென்டிமீட்டர் புத்தகத்துக்குப் பக்கத்துல நின்னா பெரிசு சாயும், சாய்ஞ்சு சாய்ஞ்சு அட்டை வளையும், தையல் விடும், சின்னது பின்னாடி விழுந்து ஆறு மாசம் கழிச்சுத்தான் கண்ணுல படும்.

அதனால உயரத்தை வெச்சு அடுக்குங்க. என் கணக்கு இதுதான்: 18 சென்டிமீட்டர் வரைக்கும் 'அ', 18லேர்ந்து 25 வரைக்கும் 'ஆ', 25லேர்ந்து 35 வரைக்கும் 'இ', அதுக்கு மேல 'ஈ'. ஈ வரிசை மட்டும் படுக்க வெச்சு, ஒண்ணு மேல ஒண்ணா மூணுக்கு மேல வேண்டாம். ஒவ்வொரு வரிசையிலயும் கையில வர்ற ஒழுங்குல 1, 2, 3ன்னு நம்பர். அ-1, அ-2, ஆ-1, ஆ-2. அவ்வளவுதான். புதுசா வர்றது கடைசியில போய் நிக்கும், எதையும் நகர்த்த வேண்டாம். 48 பக்கத்துக்குக் கீழ இருக்குற சின்னப் புத்தகங்களை மட்டும் நிறுத்தாதீங்க, அமிலமில்லாத காகித உறையில போட்டு பெட்டியில வைங்க.

செயலாளர் கேட்டாருன்னா ரங்கநாதன் பேரைச் சொல்லுங்க. நம்ம சீர்காழிக்காரர், மெட்ராஸ் யூனிவர்சிட்டி நூலகத்துல இருந்துக்கிட்டு 1933ல கோலன்ங்கிற வகைப்படுத்தும் முறையைக் கொண்டு வந்தவர், அவரே புத்தகத்தை ரேக்ல கண்டுபிடிக்கிற நம்பரை (call number) மூணு பாகமா பிரிச்சாரு, சப்ஜெக்டுக்கு ஒண்ணு, புத்தகத்துக்கு ஒண்ணு, எந்தத் தொகுப்பு வரிசையில நிக்குதுன்னு சொல்ல கலெக்ஷன் நம்பர்னு மூணாவது ஒண்ணு. அளவு மாறின புத்தகம், அரிய புத்தகம் இதெல்லாம் பொது வரிசையை விட்டு தனியா நிக்கும்னு அவருக்கு அப்பவே தெரியும். "புத்தகம் பயன்படுறதுக்கேன்னு அவர் முதல் விதி சொல்லுதே, பூட்டி வெச்சா அதுக்கு விரோதம் இல்லையா"ன்னு கேட்டிருந்தீங்க. இன்னிக்கு வர்றவருக்கு மட்டுமில்லாம இன்னும் ஐம்பது வருஷம் கழிச்சு வர்றவருக்கும் அது பயன்படணும்லம்மா. பூட்டி வைக்கச் சொல்லலை, கேட்டவங்களுக்கு நீங்க எடுத்து மேஜையில வெச்சுக் கொடுங்கன்னுதான் சொல்றேன்.

894.811 போட்டது வீண் போகலை. அதை கேட்டலாக்ல சப்ஜெக்ட் இடத்துல எழுதிடுங்க, தேடும்போது உதவும். ரொம்ப நீட்டாதீங்க, செய்யுள்னா 894.8111ன்னு நிறுத்திக்கிட்டு, தலபுராணம், அந்தாதி, நொண்டி நாடகம், வைத்தியம், சோதிடம்னு நம்ம வார்த்தையில ஒரு சப்ஜெக்ட் பட்டியல் போட்டுக்குங்க. தேடி வர்றவர் "தலபுராணம் என்ன இருக்கு"ன்னுதான் கேப்பாரு.

எது அரிய புத்தகம்?

நூறு வருஷம்ங்கிற கோடு சுலபமா இருக்கு, ஆனா சரியா இல்ல. திருக்குறள் 1812லயே அச்சாயிடுச்சு, அதுக்கப்புறம் அந்த நூற்றாண்டு முழுக்க எத்தனையோ பேர் அச்சடிச்சாங்க, அதுல சில பதிப்பு இன்னிக்கும் பல இடத்துல கிடைக்கும். ஆனா 1930ல குஜிலிக் கடையில (மலிவுப் பாட்டுப் புத்தகம் விக்கிற தெருக்கடை) வித்த எட்டு பக்கக் கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு, அதை அப்போ யாரும் நூலகத்துல வெக்கலை, படிச்சுட்டு பொட்டலம் மடிச்சாங்க. இப்போ ஒரு பிரதி கிடைச்சா அதுவே கடைசிப் பிரதியா இருக்கலாம். வயசு குறைவு, ஆனா அரிது அதுதான்.

என்னைக் கேட்டா, 1900க்கு முன்னாடி அச்சானது எல்லாம் கேள்வியே இல்லாம அரிய வரிசைக்குப் போகணும். 1900லேர்ந்து 1950 வரைக்கும் ஒவ்வொண்ணா பாக்கணும், வேற எங்க இருக்குன்னு தேடணும். ரோஜா முத்தையா நூலகத்தோட கேட்டலாக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகமும் நெட்லயே பாக்கலாம். பழைய பட்டியல்கள்ல ஜான் மர்டாக் 1865ல வெளியிட்டது, பிரிட்டிஷ் மியூசியத்துல இருந்த தமிழ்ப் புத்தகங்களுக்கு பார்னெட்டும் போப்பும் 1909ல வெளியிட்டது ரெண்டும் பக்கத்துல இருக்கட்டும். இதுல எதுலயும் இல்லைன்னா அந்தப் புத்தகத்தை ரொம்ப பத்திரமா வைங்க.

ரெண்டாவது காப்பி விஷயம். "ஒரே புத்தகம்"னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டையும் மேஜையில பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சு பக்க எண்ணிக்கை, அச்சுக்கூடம், விலை, சாத்துகவி (நூலைப் பாராட்டி மத்த புலவர்கள் பாடின பாட்டு) எல்லாத்தையும் ஒத்துப் பாருங்க. உ.வே.சா. 1887ல சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்சாரு, அப்புறம் வந்த பதிப்புகள்ல புதுசா கிடைச்ச ஏடுகளை வெச்சு திருத்தினாரு. முதல் பதிப்பும் ரெண்டாம் பதிப்பும் ஒரே புத்தகம்னு சொன்னா ஆராய்ச்சி பண்றவங்க அழுதுடுவாங்க. பதிப்பு நிஜமாவே ஒண்ணா இருந்தாக்கூட ஒரு காப்பியில வாத்தியார் ஓரத்துல பாடபேதம் (வேற பிரதியில வார்த்தை எப்படி மாறியிருக்குன்னு) எழுதியிருப்பாரு, இன்னொண்ணு யாரோ கல்யாணத்துக்கு கொடுத்த பரிசா இருக்கும். விக்கிறதுன்னா இன்னொரு விஷயமும் இருக்கு, அது டிரஸ்ட் சொத்து. அந்தக் குடும்பத்துக்காரங்க என்ன சொல்லி கொடுத்தாங்க, டிரஸ்ட் பத்திரத்துல விக்க இடம் இருக்கா, கமிட்டித் தீர்மானம் இருக்கா, இந்த மூணும் இல்லாம ஒரு புத்தகம் வெளிய போனாலும் நாளைக்கு ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்ட உங்களைத்தான் கேப்பாங்க. வாயால சொன்னா செய்யாதீங்க, எழுத்துல கேளுங்க, டிரஸ்ட் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு பதில் சொல்லச் சொல்லுங்க.

ஒரே கட்டுக்குள்ள பத்து புத்தகம்

உங்க கடிதத்துல ஒரே வரியில கடந்து போன விஷயம், ஆனா எனக்கு அதுதான் பெருசாப் படுது. "சில கட்டுகள்ல ஏழெட்டு சின்னப் புத்தகம் சேர்த்து தைச்சிருக்கு, பிரிச்சு தனித்தனியா வகைப்படுத்தலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. பிரிக்காதீங்கம்மா. அந்தக் காலத்துல புத்தகம் அட்டை இல்லாம மெல்லிசா வரும், வாங்கினவர் பத்து சேந்ததும் பைண்டர்கிட்ட கொடுத்து ஒரே கட்டா தைச்சுக்குவாரு. ஒரு சதகம், அதுக்கு அடுத்து ஒரு நொண்டிச் சிந்து, அடுத்து வாகடம், அடுத்து கீர்த்தனை. எந்த சப்ஜெக்ட்லயும் அடங்காது. ஆனா அந்த வரிசையே ஒரு தகவல், அவர் எதை எதோட சேர்த்துப் படிச்சாருன்னு சொல்லுது, ஒண்ணுல வருஷம் இல்லைன்னா கூட இருக்குறதை வெச்சு ஊகிக்கலாம்.

கேட்டலாக்ல எட்டுக்கும் எட்டு தனிப் பதிவு போடுங்க. நம்பர் மட்டும் ஆ-47/1, ஆ-47/2ன்னு ஆ-47/8 வரைக்கும். ஒவ்வொரு பதிவுலயும் "இது இன்ன கட்டுல இத்தனாவது"ன்னு ஒரு வரி. தேடுறவருக்கு எட்டு புத்தகமும் கிடைக்கும், ரேக்ல ஒரு கட்டு முழுசா நிக்கும். 1,400ன்னு எண்ணி வெச்சிருக்கீங்க, இப்படி எண்ணிப் பாத்தா எண்ணிக்கை நல்லாவே ஏறும்.

தாது வருஷம்னா எந்த வருஷம்?

"தாது வருஷம் மாசி மாதம்"னு போட்ட புத்தகத்துக்கு 1936ன்னு எழுதிட்டதா சொன்னீங்க. அவசரப்படாதீங்க. அறுபது வருஷ சுழற்சியில தாது 1876லயும் வருது 1936லயும் வருது. பஞ்சத்துக்குப் பேர் போன தாது வருஷம் 1876தான். இன்னொண்ணு, தமிழ் வருஷம் சித்திரையில பிறக்குது, அதனால தை, மாசி, பங்குனின்னு இருந்தா இங்கிலீஷ் வருஷம் ஒண்ணு கூடிடும். தாது மாசின்னா 1877, இல்லைன்னா 1937.

எதுன்னு எப்படி முடிவு பண்றது? முகப்புப் பக்கத்துலயே கலியுக வருஷமோ சாலிவாகன சக வருஷமோ இருக்கான்னு பாருங்க. கலி 4977னா 3101ஐ கழிங்க, 1876. சகம் 1798னா 78ஐ கூட்டுங்க, அதே 1876. சில புத்தகத்துல ௲௮௱௭௰௬ன்னு இருக்கும், அதை பசங்க அலங்காரம்னு நினைச்சு விட்டுடுவாங்க, அதுதான் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு. எதுவுமே இல்லைன்னா, அச்சுக்கூடம் எது, அது எந்தக் காலத்துல ஓடுச்சு, சாத்துகவி பாடினவர் யாரு, அவர் எப்போ உயிரோட இருந்தாரு, பதிவு பண்ணின விவரம் அச்சாகியிருக்கான்னு பாருங்க. புத்தகப் பதிவுச் சட்டம் வந்தது 1867ல, அந்தச் சட்டப்படி ரிஜிஸ்தர் பண்ணினதுன்னு போட்டிருந்தா கண்டிப்பா அதுக்கப்புறம்தான். கேட்டலாக்ல முதல்ல புத்தகத்துல இருக்குறபடி "தாது வருஷம் மாசி மாதம்"னே எழுதுங்க, பக்கத்துல சதுர அடைப்புல நம்ம கணக்கைப் போடுங்க, சந்தேகம் இருந்தா கேள்விக்குறி போடுங்க. கேள்விக்குறி போடறது வெட்கமில்ல.

லேபிள், ரெக்சின், கத்தி

ஒட்டின 60 லேபிளை உரிக்காதீங்க. உரிச்சா தோலும் அட்டையில ஒட்டின காலிக்கோ துணியும் கூடவே வரும். எந்தெந்தப் புத்தகம்னு ஒரு பட்டியல் எழுதி வைங்க, பாதுகாப்பு வேலை தெரிஞ்சவர் வர்றப்போ பாக்கட்டும். இனிமே முதுகுல எதுவும் ஒட்ட வேண்டாம், ஸ்டிக்கர், செல்லோடேப், சீல் எதுவும் வேண்டாம். அமிலமில்லாத காகிதத்துல ரெண்டு விரல் அகலத்துக்கு நீளமா துண்டு வெட்டி, நம்பரை மேல் நுனியில எழுதி, புத்தகத்துக்கு மேல கொஞ்சம் நீட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி சொருகுங்க. அதே நம்பரை பின்னட்டையோட உள்பக்கம் கீழ் ஓரத்துல 2பி பென்சில்ல மெதுவா எழுதுங்க. அட்டை கழண்டதை ரப்பர் பேண்ட் போடாதீங்க, நம்ம வெயில்ல உருகி ஒட்டிக்கும், பருத்தி நாடாவால கட்டி முடிச்சை பக்கவாட்டுல விடுங்க. ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் தரையிலேர்ந்து அரை அடி, சுவத்துலேர்ந்து நாலு விரல் தள்ளி ரேக்கை வைங்க, காத்து ஓடணும். வசம்புப் பொடியை துணி முடிச்சா கட்டி ரேக் மூலையில வெக்கலாம், புத்தகத்துக்கு உள்ள வேப்பிலை வெச்சா கறை படியும்.

பைண்டிங் பத்தி நான் பட்டதைச் சொல்றேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒரு நூலகத்துல, நாப்பது பழைய புத்தகத்தை பைண்டருக்கு அனுப்பினேன். எப்படிப் பண்ணணும்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்கலை, எனக்கும் தெரியாது. மூணு வாரத்துல எல்லாம் சிவப்பு ரெக்சின்ல பளபளன்னு வந்துச்சு, மேலதிகாரி பாராட்டினாரு. ஒரு மாசம் கழிச்சு அதுல ஒரு கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்துத் திறந்தா, வெளிய இருந்த ரோஸ் கலர் காகித அட்டை இல்ல. பைண்டர் கிழிஞ்சிருக்குன்னு தூக்கிப் போட்டுட்டாரு. அச்சான வருஷமும் விலையும் அந்த அட்டையில மட்டும்தான் இருந்துச்சு, உள்ள எங்கயும் இல்ல. பக்க ஓரத்தை எல்லாம் சமமா வெட்டினதுல, யாரோ கறுப்பு மையில எழுதி வெச்ச குறிப்புல ஒவ்வொரு வரிக்கும் கடைசி ரெண்டு எழுத்து போயிடுச்சு. "இந்தப் பாட்டை முதலில் பாடக் கே"ன்னு ஒரு வரி அப்படியே நிக்குது. யார் பாடக் கேட்டாங்க, எங்க கேட்டாங்க, தெரியாது. இத்தனை வருஷம் ஆச்சு, அந்தப் பக்கம் இன்னும் என் கண்ணுக்குள்ள இருக்கு.

அதனால செயலாளர்கிட்ட பைண்டிங்குக்கு ஒதுக்கின பணத்தை அட்டைப் பெட்டிக்கும் உறைக்கும் மாத்தித் தரச் சொல்லுங்க. பெட்டியை எப்போ வேணா மாத்தலாம், வெட்டின ஓரத்தை திரும்ப ஒட்ட முடியாது. பிளாஸ்டிக் லேமினேஷனும் வேண்டவே வேண்டாம், சூட்டுல ஒட்டினது பிரியாது. ஸ்கேன் பண்றதுன்னா புத்தகத்தைக் கவுத்து அமுக்குற மெஷின்ல பண்ணாதீங்க, பாதி திறந்தபடி தாங்கி வெச்சு மேலேர்ந்து கேமராவுல எடுக்கச் சொல்லுங்க, ஸ்கேன் ஆயிடுச்சுன்னு புத்தகத்தை ஒதுக்கவும் விடாதீங்க.

காலம் எவ்வளவு ஆகும்னு அவர் கேப்பாரு, அதுக்கும் தயாரா போங்க. ஒரு புத்தகத்தை அளந்து, பக்கம் எண்ணி, முகப்புப் பக்கத்தை எழுத்துக்கு எழுத்து பதிஞ்சு, கையெழுத்து, சீல், விலை எல்லாம் குறிச்சு முடிக்க சராசரியா அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். ஒரு நாளைக்கு பத்துன்னு வெச்சாலே 1,400க்கு 140 வேலை நாள். வாரத்துக்கு அஞ்சு நாளா பாத்தா ஏழு மாசம் ஆயிடும், கட்டுக்குள்ள இருக்குறதை தனித்தனியா பதியறப்போ இன்னும் கூடும். இதை இப்பவே சொல்லிட்டீங்கன்னா "என்னம்மா இன்னும் முடியலையா"ன்னு வாரா வாரம் கேக்கமாட்டாரு.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஏழு அலமாரியையும் திறந்து, ஒவ்வொரு தட்டையும் இப்போ இருக்குறபடியே போன்ல போட்டோ எடுங்க, முதுகு எல்லாம் தெரியணும், அலமாரிக்கு நம்பர், தட்டுக்கு நம்பர். கேட்டலாக்ல "வாத்தியார் வீட்டு இருப்பு: அலமாரி 3, தட்டு 2"ன்னு ஒரு இடம் ஒதுக்குங்க. உயர வரிசைக்கு மாத்தினப்புறம் அவர் வெச்சிருந்த வரிசை போயிடும், போட்டோ இருந்தா போகாது. குடும்பத்துக்காரங்க "அப்பா பேர்ல தனி ரேக் வேணும்"னு கேட்டாலும் இதைக் காட்டலாம், அவர் பேர் ஒவ்வொரு பதிவுலயும் இருக்கும்.

இப்போ உங்க பின்குறிப்பு. "புத்தகங்களுக்கு நடுவுல காஞ்ச இலை, மளிகைக் கணக்கு, ஒரு பழைய போஸ்ட் கார்டு, ரேஷன் சீட்டு எல்லாம் இருக்கு, குப்பையில போட்டுடலாமா"ன்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம்மா. இலையை மட்டும் எடுத்துடுங்க, அது காகிதத்தைக் கறையாக்கும், பூச்சியையும் கூப்பிடும், இருந்துச்சுன்னு மட்டும் எழுதி வைங்க. காகிதமா இருக்குறது ஒவ்வொண்ணையும் தனித்தனி உறையில போட்டு, அதே புத்தக நம்பரை எழுதி, அந்த வரிசைக்குன்னு ஒரு பெட்டியில வைங்க. போஸ்ட் கார்டுல உயிரோட இருக்குறவங்க சொந்த விஷயம் ஏதும் இருந்தா குடும்பத்துக்காரங்ககிட்ட காட்டி கேட்டுட்டு வெச்சுக்குங்க. எடுக்கும்போதே எந்தப் பக்கத்துக்கும் எந்தப் பக்கத்துக்கும் நடுவுல இருந்துச்சுன்னு உறை மேல பென்சில்ல எழுதிடுங்க, அப்புறம் எழுதிக்கலாம்னு மேஜையில வெச்சுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க, ஃபேன் காத்துல எது எதோடதுன்னு தெரியாமப் போயிடும்.